சனிக்கிழமை சாயங்காலப் பாட்டு

கோயில் பாடகர் குழுக்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கொல்லங்கோட்டிலிருந்து ஆரல்வாய்மொழி வரை கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

கே: கிறிஸ்துமஸ் முடிந்தால் பாடகர் குழுவுக்கு லீவுதானே? மீதி மாதங்களில் என்னதான் செய்கிறார்கள்? (வாசகர், தோவாளை)

ப: லீவா? டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையைப் பாடிவிட்டுத் தொண்டை கட்டிப் படுத்தவர்களை ஜனவரி முதல் வாரத்துக் கல்யாணம் எழுப்பிவிடும். லெந்து காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் அதற்கு முந்தின வாரங்களில் நெரிசல். சாம்பல் புதனோடு பாட்டின் நிறமே மாறும். குருத்தோலை ஞாயிறு, பெரிய வியாழன், புனித வெள்ளி, ஈஸ்டர் விடியற்காலை என்று ஒரே வாரத்தில் நாலு விதமான பாட்டு பாட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மறுபடி கல்யாணம், சிறுபிள்ளைகளின் விடுமுறை வேதாகமப் பள்ளி. அப்புறம் அறுப்பின் பண்டிகை. செந்துளுவன் குலையும் நாட்டுக்கோழியும் ஏலம் போகிற அந்த நாளில், ஏலச் சத்தம் அடங்கும் வரை பாடகர்கள் புத்தகத்தோடு காத்திருப்பார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் திருவிழா தொடங்கி டிசம்பர் 3 வரை போகும். அதற்குள் ஆகமன காலமும் வந்துவிடும்.

இதில் ஜூனையும் ஜூலையையும் நான் சொல்லவில்லை. அவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊர் எட்டிப் பார்க்காத மாதங்கள் அவை. பள்ளிக்கூடம் திறந்திருக்கும், மழை ஓட்டின் மேல் கொட்டும், கரண்ட் போய்விடும். ஆல்டோவில் மூன்று பேர், டெனரில் ஒருவர். அப்போதும் வந்து உட்கார்ந்து, ஒரு பழைய பாமாலையைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பழகுகிற குழுவுக்குத்தான் டிசம்பரில் குரல் நிற்கிறது. ஒரு குழு எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் கிறிஸ்துமஸ் அன்று போகாதீர்கள். ஜூலை மாதத்துச் சனிக்கிழமை சாயங்காலம் போய்ப் பின்பெஞ்சில் உட்காருங்கள்.

கே: சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ்: இதில் எது கஷ்டம்? (மாணவி, மார்த்தாண்டம்)

ப: ஆல்டோ. மெட்டு சோப்ரானோவுக்கு, அடித்தளம் பேஸுக்கு. டெனர் மேலே போனால் கோயிலே திரும்பிப் பார்க்கும். ஆல்டோ ஒரே சுரத்தில் நின்று, அரைச்சுரம் இறங்கி, மறுபடி பழைய இடத்துக்கே வரும். யாரும் அதை முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை. ஆனால் ஒரு சரணத்துக்கு ஆல்டோவை நிறுத்திப் பாருங்கள், பாட்டு வெறிச்சோடிவிடும்.

கே: நம் மாவட்டத்தில் இந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? (ஓய்வு பெற்ற ஆசிரியர், மயிலாடி)

ப: உங்கள் ஊரிலிருந்தே தொடங்க வேண்டும், ஐயா. தஞ்சாவூருக்குப் போய்க் கிறிஸ்தவராகித் திரும்பிய மகராசன் வேதமாணிக்கம் மயிலாடிக்காரர். அவர் கூப்பிட்டதன் பேரில் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர் ரிங்கல்தௌபே 1806இல் வந்தார். 1818இல் சார்லஸ் மீட் வந்தார். அடுத்த ஆண்டே நாகர்கோவில் ஹோம் சர்ச்சுக்கு அடிக்கல் விழுந்தது.

பாட்டு இரண்டு வழியாக வந்தது. ஒன்று கடல் கடந்த மெட்டு. ஜெர்மன் ஞானப்பாட்டுகளை மிஷனரி பெப்ரீஷியஸ் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தமிழாக்கி வைத்திருந்தார். பிற்பாடு ஆங்கிலப் பாட்டுகளும் சேர்ந்தன. இன்று நாம் பாமாலை என்று எடுக்கிற புத்தகத்தின் வேர் அது. மற்றது தஞ்சாவூர் வழி. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து தஞ்சாவூரில் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) ராகம், தாளம், பல்லவி, சரணம் என்று முறையாகக் கீர்த்தனை கட்டினார். மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப் 1853இல் இத்தகைய கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார்.

குமரியின் சொந்தப் பங்கு ஜான் பால்மர். 1812இல் மயிலாடியில் பிறந்து 1883இல் மறைந்தவர். 'கிறிஸ்தாயனம்' அவர் எழுதிய காவியம். அவர் கட்டிய கீர்த்தனைகளை சி.எஸ்.ஐ. சபைகளில் இன்றும் பாடுகிறோம். யார் பாட்டு என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. வெளியூர்க்காரர்களுக்கு மயிலாடி என்றால் கல் சிற்பம். உங்கள் சபைப் பாடகர் குழு ஆண்டில் ஒரு ஞாயிறாவது பால்மர் பாட்டுகளை மட்டும் பாட வேண்டும், பாடுமுன் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். நீங்களே போய் ஆயரிடம் கேளுங்கள், ஐயா. ஆசிரியர் கேட்டால் மறுக்க மாட்டார்.

கே: மைனஸ் ட்ராக் போட்டுப் பாடினால் என்ன தப்பு? சத்தம் நன்றாக இருக்கிறதே. (இளைஞர், கருங்கல்)

ப: நன்றாகத்தான் இருக்கும், தம்பி. ஆனால் நீங்கள் மூச்சு விட அது நிற்காது. சபை உருகிப்போய்க் கடைசிச் சரணத்தை இன்னொரு தரம் பாட ஆசைப்பட்டால் அதற்குக் காது கிடையாது. பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆராதனைக்கு உங்கள் ஊரில் கீபோர்டு பழகுகிற பிள்ளையை உட்கார வையுங்கள். நாலு இடத்தில் தடுமாறுவான், சரி. அவனைத் தாங்கிப் பாடும்போதுதான் உங்கள் குழுவும் பாடக் கற்றுக்கொள்ளும்.

கே: கோயில் அறையில் பழைய கால் ஆர்மோனியம் தூசி பிடித்துக் கிடக்கிறது. விற்றுவிடலாம் என்கிறது கமிட்டி. (வாசகர், இரணியல்)

ப: விற்காதீர்கள். 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை உள்ளே விடவில்லை. அந்த முப்பது ஆண்டும் அதை மரியாதையாக வைத்திருந்த இடங்களில் நம் கோயில்களும் உண்டு. துருத்தித் தோலும் நாக்குகளும் பழுது பார்க்கக் கூடியவைதான். கரண்ட் போகிற ஜூலை மாதத்தில் அது உங்களுக்குக் கைகொடுக்கும்.

கே: கிறிஸ்துமஸுக்கு எந்த நிறப் புடவை என்பதில் எங்கள் குழுவில் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. வழி சொல்லுங்கள். (வாசகி, நெய்யூர்)

ப: குழுவில் யாருக்குப் புதுப்புடவை வாங்கச் சிரமமோ, அவர் பெட்டியில் ஏற்கெனவே என்ன நிறம் இருக்கிறதோ அதுவே இந்த வருஷத்து நிறம். அவர் இன்னார் என்று யாரும் வெளியே சொல்ல வேண்டாம். தலைவி நிறத்தை மட்டும் அறிவித்தால் போதும்.

கோபம் தணிந்த பிறகு ஒன்றை நினைத்துப் பாருங்கள், அம்மா. நம் ஊரில் உடுப்பு சின்ன விஷயமாக இருந்ததே இல்லை. மேல்துணி அணிந்ததற்காகப் பெண்கள் சந்தையிலும் தெருவிலும் அடிபட்ட மண் இது. 1822இல் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் 1859 வரை விட்டுவிட்டு நடந்தது. கடைசிக் கட்டத்தில் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசு ரவிக்கைக்கு அனுமதி கொடுத்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று நிபந்தனை வைத்தது. அந்தப் போராட்டம் தொடங்குமுன்பே, 1819இல், மீட் ஐயரின் மனைவி ஜோஹன்னா நாகர்கோவிலில் பெண்பிள்ளைகள் வாசிக்கப் பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தார். ஆண்களும் பெண்களும் ஒரே வரிசையில் நின்று, ஒரே புத்தகத்தைப் பார்த்து வாசித்துப் பாடுவது இன்று நமக்குச் சாதாரணமாகிவிட்டது. அந்த வரிசையில் நிற்கும் இடத்தை உங்கள் முன்னோர் விலை கொடுத்து வாங்கினார்கள். நிறத்துக்காக அதை விட்டு யாரும் விலகிவிடக் கூடாது.

கே: நாங்கள் பாடினால் சபை கூடச் சேர்ந்து பாடுவதில்லை. வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். ஏன்? (பாடகர் குழுத் தலைவர், குழித்துறை)

ப: சுருதியைப் பாருங்கள். காலை ஆராதனைக்கு வரும் சபை அப்போதுதான் கட்டன்சாயா குடித்துவிட்டு வந்திருக்கும். பாமாலைப் புத்தகத்தில் போட்டிருக்கும் சுருதி பழகிய சோப்ரானோவுக்கானது. ஒரு கட்டை, தேவைப்பட்டால் ஒன்றரைக் கட்டை இறக்குங்கள். கீபோர்டில் அது ஒரு பொத்தான் வேலை. அப்படியும் பாடவில்லையென்றால் புதுப்பாட்டு அதிகமாகிவிட்டது என்று பொருள். ஒரு ஆராதனைக்கு ஒரு புதுப்பாட்டு போதும்.

கே: மைக் யார் கையில் இருக்க வேண்டும் என்று எங்கள் குழுவில் எப்போதும் சண்டை. (பலர்)

ப: கையில் வேண்டாம். ஸ்டாண்டில் வைத்து, குழுவிலிருந்து நாலடி தள்ளி நிறுத்துங்கள்.

கே: புனித வெள்ளி என்றாலே எங்களுக்கு நடுக்கம். வாத்தியம் இல்லாமல் பாடினால் இரண்டாம் சரணத்திலேயே சுருதி இறங்கிவிடுகிறது. (பாடகி, நாகர்கோவில்)

ப: நல்ல குழுக்களுக்கும் அந்த நடுக்கம் உண்டு, தங்கச்சி. கத்தோலிக்க முறையில் பெரிய வியாழன் திருப்பலியில் வானவர் கீதத்துக்கு மணி அடித்தால், பிறகு ஈஸ்டர் இரவில்தான் மறுபடி அடிக்கும். இடைப்பட்ட நேரத்தில் வாத்தியம் பாட்டுக்குத் துணையாக மட்டும், அதுவும் வேண்டிய அளவுக்குத்தான். சி.எஸ்.ஐ. கோயில்களில் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை சிலுவையின் ஏழு வார்த்தைகள். வார்த்தைக்கு வார்த்தை பிரசங்கம், நடுவே பாட்டு. பங்குனி, சித்திரை வெயில். பலர் அன்று உபவாசம் வேறு.

சுருதி இறங்குவதற்குக் காரணம் துக்கமில்லை, மூச்சு. மெதுவான பாட்டில் வரியின் கடைசிச் சொல்லுக்கு வரும்போது மூச்சு தீர்ந்திருக்கும், சுரம் தொங்கும். அந்தத் தொங்கலைக் கேட்டுப் பக்கத்தில் நிற்பவரும் தொங்குவார். அடுத்த வரியை இருவருமே கீழிருந்து எடுப்பார்கள். ஆகவே எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு விடாதீர்கள். புத்தகத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூன்றாம் சொல்லுக்குப் பின் மூச்சு என்றால், பக்கத்து அக்காவுக்கு ஐந்தாம் சொல்லுக்குப் பின். கேட்பவருக்கு வரி அறாமல் போகும். ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலே போவதாக நினைத்துப் பாடுங்கள். அப்போதுதான் அது இருந்த இடத்திலேயே இருக்கும். லெந்து முழுவதும் பழக்கத்தின் கடைசிப் பத்து நிமிஷம் கீபோர்டை அணைத்துவிட்டுப் பாடுங்கள். சரணம் முடிந்ததும் ஒரு சுரத்தைத் தட்டிப் பார்த்தால் எவ்வளவு இறங்கினோம் என்று தெரிந்துவிடும்.

கே: அடக்கத்துக்குப் பாட வருகிறவர்களுக்குப் பணம் கொடுக்கலாமா? (வாசகர், அருமனை)

ப: வண்டிக்கூலி கொடுங்கள். தண்ணீரும் காப்பியும் கொடுங்கள். பாட்டுக்கு விலை பேசாதீர்கள், அவர்கள் மனது சங்கடப்படும்.

அடக்கம் வார நாளில்தான் வரும். வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாது. ஓய்வு பெற்றவர்களும் வீட்டுப் பெண்களும் அழைப்பை எதிர்பாராமல் வந்துவிடுவார்கள். செத்த வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, புத்தகம் திறக்காமல், மனப்பாடமாகப் பாடுவார்கள். அதை இசை என்று அன்று யாரும் கேட்பதில்லை. அழுகை ஓயும்போது பாட்டு கேட்கும், பாட்டு ஓயும்போது அழுகை கேட்கும். கல்லறைக்கு நடக்கும்போது இன்னொரு சிரமம். நூறு மீட்டர் நீள ஊர்வலத்தில் முன்னால் பாடுகிறவர் குரல் பின்னால் வந்து சேரக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நொடி ஆகும். அந்தப் பிந்தல் சேர்ந்து சேர்ந்து, முன்வரிசை ஒரு சொல்லிலும் பின்வரிசை வேறு சொல்லிலும் நிற்கும். பாட்டை எடுத்துக் கொடுப்பவர் நடுவில் நடந்தால் பாதி சரியாகும்.

கிறிஸ்துமஸ் ஆராதனையை வீடியோ எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். அடக்கத்தில் பாடியவர்களை யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால் அந்த வீட்டுக்காரர் பல வருஷம் கழித்து வழியில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வார். பாடகர் குழுவின் ஆண்டில் முதலிடம் எதற்கு என்று என்னைக் கேட்டால் இதற்குத்தான் கொடுப்பேன்.

கே: எங்கள் குழுவில் பேஸ் குரல்கள் எல்லாம் கடலில். ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்புவதில்லை. ஆண்குரல் இல்லாமல் என்ன செய்ய? (பாடகர் குழுப் பொறுப்பாளர், தூத்தூர்)

ப: உங்கள் ஆண்டை மீன்பிடித் தடைக்காலத்திலிருந்து தொடங்குங்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்களும் ஊரில் இருப்பார்கள். ஊரறிய வருமானம் இல்லாத மாதங்கள்தான். ஆனாலும் சாயங்காலம் இருக்கிறது. திருவிழாப் பாட்டு, கிறிஸ்துமஸ் பாட்டு இரண்டின் பேஸ் பாகத்தையும் அப்போதே பழக்கி, அவர்கள் குரலையே பதிவு செய்து போனில் கொடுத்துவிடுங்கள். படகில் கேட்டுப் பாடிக்கொள்வார்கள். அவர்கள் இல்லாத ஞாயிறுகளுக்கு மூன்று பாகப் பாட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். ரப்பர் வெட்டுகிற குலசேகரம் பக்கத்துக் குழுக்களுக்கும் இதே கணக்குதான். விடியுமுன் எழுந்து மரத்துக்குப் போகிறவரை இரவு பத்து மணி வரை உட்கார்த்தி வைக்கக் கூடாது.

உங்கள் ஊரின் பெயரைப் பார்த்ததும் 2017 நவம்பர் 30 ஞாபகம் வராமல் இருக்காது. ஒக்கிப் புயல் உங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து எத்தனையோ ஆண்களைக் கொண்டுபோனது. பல கடற்கரை ஊர்கள் அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் கொண்டாடவில்லை. அதற்குப் பிறகும் குழு நடத்தி, பேஸ் இல்லை என்று கவலைப்பட்டு எழுதுகிறீர்களே, அதற்கு என் வணக்கம்.

கே: மகனுக்குப் பதின்மூன்று வயது. சோப்ரானோவில் அருமையாகப் பாடியவன், இப்போது குரல் உடைகிறது. நிறுத்திவிடவா? (தாய், தக்கலை)

ப: குழுவிலிருந்து நிறுத்தாதீர்கள், சோப்ரானோவிலிருந்து நிறுத்துங்கள். ஆண்பிள்ளைக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும். சில மாதம் அவனுக்கு ஐந்தாறு சுரம்தான் நிச்சயமாக வரும். அந்தச் சுரங்களுக்குள் அடங்கும் வரியை டெனரோடு நின்று பாடட்டும், வராத இடத்தில் வாயை மூடிக்கொள்ளட்டும். கத்தக் கூடாது. யாரும் சிரிக்கவும் கூடாது. "மக்கா, பொறு, நல்ல குரல் வருது" என்று பாட்டு வாத்தியார் ஒரு வார்த்தை சொன்னால் பையன் நிற்பான். பாடகர் குழுக்கள் ஆண்குரலை இழப்பது பெரும்பாலும் இந்த வயதில்தான்.

கே: கீர்த்தனையை நாலு பாகமாகப் பாடலாமா, கூடாதா? (இசை ஆசிரியை, நாகர்கோவில்)

ப: ராகத்தைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சங்கராபரணத்தில் நேராகப் போகிற பாட்டு மேற்கத்திய மேஜரோடு ஒத்துப் போகும், பாகம் பிரித்தால் அழகு கூடும். மோகனமும் இடம் கொடுக்கும். தோடியைத் தொடாதீர்கள். அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அசைகிற சுரத்தின் மேல் நிற்கிற சுரங்களை அடுக்கினால் இரண்டும் கெடும். அங்கே எல்லோரும் ஒரே குரலாகப் பாடி, பேஸ் மட்டும் சட்ஜம், பஞ்சமத்தில் நிற்கட்டும். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். நம் சுருதிகளின் கணக்கை அவ்வளவு பாடுபட்டு ஆராய்ந்தவர் கோயில் பாட்டில் வளர்ந்த ஒரு கிறிஸ்தவர். அந்தப் புத்தகம் உங்கள் பள்ளி நூலகத்தில் இருக்க வேண்டும்.

கே: நான் இந்து. சேர்ந்து பாட ஆசை. பாடகர் குழு என்றால் கோயில்காரர்களுக்கு மட்டும்தானா? (வாசகர், சுசீந்திரம்)

ப: சேர்ந்து பாடுவது நாஞ்சில் நாட்டில் யாருக்கும் தனிச்சொத்து இல்லை. வில்லுப்பாட்டில் அண்ணாவி ஒரு வரி பாடினால் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். சாமிதோப்பில் உகப்படிப்பை ஒருவர் சொல்ல எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள். மார்கழி விடியலில் பஜனை வீதி சுற்றுகிறது. நாலு பாக முறையும் கோயிலுக்குள் அடைபட்டதில்லை. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்து, பாரதி பாட்டையும் பல இந்திய மொழிப் பாட்டுகளையும் பாகம் பிரித்துப் பாட வைத்தார். 1988இல் அவர் மறைந்தார். எஸ்டோனியா என்ற சிறு நாட்டில் 1869இல் தொடங்கிய பாட்டுத் திருவிழா இன்றும் நடக்கிறது. சோவியத் ஆட்சியிலிருந்து விடுபட்ட காலத்தில் அந்த மக்கள் ஆயிரக்கணக்கில் கூடிப் பாடினார்கள்.

2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தில் இந்துக்கள் நூற்றுக்கு 48, கிறிஸ்தவர்கள் 46க்கு மேல். இப்படிப்பட்ட மாவட்டத்தில் எல்லோரும் சேர்ந்து பாடும் ஊர்க்குழு ஒவ்வொரு ஊரிலும் இருக்க வேண்டாமா? கவிமணி தேரூர்க்காரர். அவர் பாட்டுகளை வைத்தே ஓர் ஆண்டு ஓட்டலாம். சுசீந்திரத்தில் நீங்கள் தொடங்குங்கள். பாடகர் குழுக்காரர்கள் பாகம் பிரித்துக் கொடுக்க வருவார்கள், கேட்டுப் பாருங்கள்.

கே: கேரல் ஆராதனையில் ஏன் ஒன்பது பாடம் வாசிக்கிறோம்? (சிறுவன், திங்கள்நகர்)

ப: இங்கிலாந்தில் துரூரோ என்ற ஊரில் 1880இல் தொடங்கிய முறை. 1918இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி எடுத்துக்கொண்டது, உலகம் முழுக்கப் பரவியது. வாசிக்கும் பங்கு உனக்கு வந்தால் மெதுவாக வாசி, மக்களே.

கே: சேர்ந்து பாடுவது உடம்புக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா? (வாசகி, கன்னியாகுமரி)

ப: உண்மைதான். சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத்துடிப்பு ஒரே போக்கில் ஏறி இறங்குவதை 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மூச்சு ஒன்றாவதால் வருவது அது. அதே மூச்சுதான் 2020 மார்ச்சில் அமெரிக்காவின் ஸ்காகிட் பள்ளத்தாக்கில் ஒரு ஊர்ப் பாடகர் குழுவைத் தாக்கியது. ஒரு மாலைப் பழக்கத்துக்கு வந்த 61 பேரில் 53 பேருக்குக் கொரோனா, இருவர் இறந்தார்கள். காய்ச்சல், இருமல் இருந்தால் வீட்டில் இருங்கள். பழக்க அறையின் ஜன்னல்களை எப்போதும் திறந்து வையுங்கள்.

கே: எனக்கு 61 வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். சின்ன வயதில் பாடியதோடு சரி, நோட்டேஷன் தெரியாது. இப்போது போனால் சேர்த்துக்கொள்வார்களா? (வாசகர், களியக்காவிளை)

ப: சேர்த்துக்கொள்வார்கள், அண்ணாச்சி. பெரும்பாலான குழுக்கள் பேஸுக்கு ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன. பாதிப் பேருக்கு நோட்டேஷன் தெரியாது. காதால் கேட்டே பழகுகிறார்கள். முதல் மாதம் பழைய பேஸ் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் குரல் உங்களுக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும் சத்தமாகப் பாடுங்கள். டிசம்பரில் போகாதீர்கள், அப்போது சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரமிருக்காது. ஜூன் முதல் சனிக்கிழமை போங்கள். ஒரு பென்சிலும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள்.